வேண்டிய ஆகாரம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகளுக்கு,

ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. மசக்கை தணிந்து ஆகாரம் வயிற்றில் தங்கத் தொடங்கியிருக்கிறது என்று அறிந்து வீட்டில் எல்லாரும் கர்த்தரைத் துதித்தோம். நீ கேட்டிருப்பவை இரண்டு. அட்வெந்து நாட்களில் அந்நாட்டார் வீடுதோறும் ரொட்டியும் கேக்கும் சுடுவதைப் பார்த்து உனக்கும் ஆசை எழுந்திருக்கிறதே, வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு எதைச் சுடலாம், எதைத் தின்னலாம் என்பது ஒன்று. வைத்தியர் சொல்லும் சோதனைகளுக்கும் பத்தியங்களுக்கும் இத்தனை இடங்கொடுப்பது விசுவாசக் குறைவு என்று ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி சொன்னாராமே, அது மெய்தானா என்பது மற்றொன்று. முதல் கேள்வி அடுப்படியைச் சேர்ந்தது, இரண்டாவது கோயிலைச் சேர்ந்தது என்று நீ பிரித்து எழுதியிருந்தாலும், எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகவே படுகிறபடியால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

திடப்படுத்தலுக்கு ஆயத்தமான காலத்தில் நீ மனப்பாடம் செய்த சிறிய ஞானோபதேசத்தை நினைத்துப் பார். 1529-ஆம் ஆண்டில் அதை எழுதிய லுத்தர், பரமண்டல ஜெபத்தில் அன்றன்றைய ஆகாரத்துக்காகக் கேட்கும் விண்ணப்பத்துக்குப் பொருள் சொல்ல வந்தபோது, உண்பதும் குடிப்பதும் மாத்திரமே ஆகாரம் என்று நிறுத்திக்கொள்ளவில்லை. உடுப்பு, பாதரட்சை, வீடு, நிலம், நல்ல வாழ்க்கைத்துணை, நல்ல அரசாட்சி, நல்ல பருவநிலை, சமாதானம், சரீர சுகம், உண்மையுள்ள சிநேகிதர், நம்பத்தகுந்த அயலார் என்று சரீர வாழ்வுக்கு வேண்டிய சகலத்தையும் அந்த ஒரு விண்ணப்பத்துக்குள்ளேயே அவர் அடக்கிவிடுகிறார். அப்படியானால், மாதந்தோறும் உன் இரத்த அழுத்தத்தைப் பார்த்து எழுதும் மருத்துவச்சியும், அவர் எழுதுவதற்காக உன் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் கர்ப்பிணிப் பதிவேடும், பிரசவத்துக்கு முன் 6 வாரமும் பின் 8 வாரமும் வேலைக்குச் செல்லாமல் இளைப்பாற வழிசெய்திருக்கும் அந்நாட்டுச் சட்டமும் நீ கேட்ட ஆகாரத்தின் பங்குகள் அல்லாமல் வேறென்ன? காலையில் முழங்காற்படியிட்டுக் கேட்டுப் பெற்றுக்கொண்டதைப் பகலில் கைவிடுவதை விசுவாசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரியாளின் கர்ப்ப காலத்தை நமக்கு விரிவாக எழுதிவைத்த லூக்காவை வைத்தியன் என்றே பவுல் குறிப்பிடுகிறார் என்பதையும் மறவாதே. அந்தச் சகோதரி உன்மேல் உள்ள அன்பினால்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அது தவறான உபதேசம்.

இனி அடுப்படிக்கு வருவோம். வயிற்றுப்பிள்ளைக்காரி பப்பாளி தின்னலாகாது, அன்னாசி தின்னலாகாது என்று நம் ஊரில் உனக்குப் பலரும் சொல்லியிருப்பார்கள். பச்சை மாவை வாயில் வைக்காதே என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்; ஆகையால் அதை நான் முதலில் சொல்கிறேன். பிசைந்த மாவில் உப்பும் இனிப்பும் சரியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்ப்பது நம் வீட்டுப் பெண்களின் பழக்கம். கடையில் வாங்கும் மாவு வயலில் விளைந்த தானியத்தை அரைத்த மாவேயன்றிச் சுட்டெடுத்த பண்டம் அன்று, ஈ.கோலி, சால்மொனெல்லா முதலிய கிருமிகள் அதில் இருக்கக்கூடும். அடுப்பின் சூடு ஒன்றே அவற்றை அழிக்கிறது. பச்சை முட்டைக்கும் இதுவே விதி. மாவைத் தொட்ட கையையும் பலகையையும் சோப்பிட்டுக் கழுவு. சுடாத முட்டை வெண்கருவைக் கலந்து கேக்கின்மேல் பூசும் ஐசிங் இந்த வருஷம் வேண்டாம்.

அந்நாட்டுக் கடைகளில் மாவுப் பொட்டலத்தின்மேல் 405, 550, 1050 என்று எண்கள் போட்டிருப்பது உன்னைத் திகைக்க வைத்ததாக எழுதியிருந்தாய். 100 கிராம் மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் தாதுச்சாம்பல் எஞ்சும் என்பதே அந்த எண்ணின் கணக்கு. எண் ஏற ஏறத் தவிட்டின் பங்கும் அதோடு வரும் சத்தும் ஏறுகின்றன. 405 நம் மைதாவைப் போன்றது. உமியொழிய முழுக் கோதுமையும் அரைபட்ட மாவுக்கு எண்ணே கிடையாது. உனக்குப் பழக்கமான சப்பாத்தி மாவுக்கு நெருங்கியது அதுதான். முதல் ரொட்டிக்கு 550 எண் கோதுமை மாவை எடுத்துக்கொள். 500 கிராம் மாவு, 10 கிராம் அயோடின் கலந்த உப்பு, 7 கிராம் உலர் ஈஸ்ட், ஏறக்குறைய 320 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், வேறொன்றும் வேண்டியதில்லை. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடியும் தள்ளிப் பத்து நிமிஷம் பிசைந்தால், முதலில் கையோடு ஒட்டிக்கொண்டு அறுந்து அறுந்து வந்த மாவு ஒன்றாய்த் திரண்டு வழவழப்பாகும். விரலால் அழுத்தின பள்ளம் மெல்ல மேலெழும்பினால் போதும் என்று அறிந்துகொள். நின்றபடியே பிசையாமல், நாற்காலியில் அமர்ந்து தாழ்ந்த மேசையின்மேல் பிசைந்தால் இடுப்புக்கு நோவிராது. துணியால் மூடிக் கதகதப்பான இடத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் இருமடங்காகும். பிறகு உருட்டித் தட்டில் வைத்து, இன்னும் அரை மணி நேரம் பொறுத்து, 220 டிகிரிச் சூட்டில் 35 நிமிஷம் சுடு. வெந்த ரொட்டியைத் திருப்பி அதன் அடிப்புறத்தை விரல் முட்டியால் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். மந்தமாக ஒலித்தால் மறுபடியும் ஐந்து நிமிஷம் உள்ளே வை. சூடான தட்டைக் குனிந்து தூக்கும் வேலையை உன் கணவர் செய்யட்டும்.

கை பழகியபின் அவ்வூர்க் கம்புமாவு ரொட்டிக்குச் செல். நம் கம்பு அல்ல. ரை என்னும் குளிர்நாட்டுத் தானியம். அதைப் புளிக்க வைத்தே சுடுவார்கள். புளிப்பில்லாவிட்டால் தானியத்திலுள்ள நொதி மாவுச்சத்தைக் கரைத்து ரொட்டியின் உள்ளே பிசுபிசுப்பாக்கிவிடும் என்பது அதற்குக் காரணம். கர்ப்பிணிக்கு அதில் இன்னொரு நன்மையும் உண்டு. தானியத்தின் தவிட்டில் இரும்புச்சத்தைக் கட்டிப்போடும் பொருள் ஒன்று இருக்கிறது. புளிப்பு அதைச் சிதைத்து, இரும்பு சரீரத்தில் சேர இடந்தருகிறது. அந்த ரொட்டியைத் தின்ற கையோடு தேநீர் குடித்தாயானால், தேநீரிலுள்ள துவர்ப்பு அந்த இரும்பைத் திரும்பவும் கட்டிப்போடும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடி. ரொட்டி எவ்வளவு நல்லதானாலும் வைத்தியர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளுக்கு ஈடாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1998 முதல் மாவிலேயே போலிக் அமிலத்தைக் கலந்து விற்கிறார்கள். ஜெர்மனியில் அப்படிக் கலப்பதில்லை.

இனி கேக்குக்கு வருவோம். நீ இருக்குமிடத்திலிருந்து ரயிலேறிப் போகக்கூடிய தொலைவில் சாக்சனி நாட்டில் புல்ஸ்நிட்ஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் கரையிறங்கி, தமிழ் கற்று, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தாரே சீகன்பால்கு ஐயர், அவர் 1682-இல் பிறந்த ஊர் அதுவே. அவருடைய அச்சுப் பணிக்குத் தமிழ் எழுத்துக்களை வார்த்து அனுப்பிய ஊர் உன்னுடைய ஹாலே. அவருடைய மிஷனைச் சேர்ந்த தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் அங்கே பிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. பிரசவத்துக்கு முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா. புல்ஸ்நிட்ஸில் 1558 முதல் ரொட்டிக்காரருக்கு மசாலாக் கேக் சுடும் உரிமை உண்டு. ஐயர் சிறுபிள்ளையாய் நடந்த தெருக்களில் இலவங்கமும் பட்டையும் ஏலமும் மணந்திருக்கும் என்று எண்ணும்போதெல்லாம், அந்த வாசனைத் திரவியங்கள் விளையும் கீழ்த்திசைக்கே அவரைக் கர்த்தர் நடத்தி வந்தாரே என்று என் உள்ளம் உருகும். அவ்வூரார் மாவோடு தேனையோ பாகையோ சேர்த்துப் பிசைந்து, முட்டையும் கொழுப்பும் சேர்க்காமல், வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் அந்த மாவை இருப்பில் வைத்திருந்து பிறகு மசாலா கலந்து சுடுவார்கள்.

மசாலா என்றவுடன் ஒரு காரியம். பட்டையில் இரண்டு ஜாதி உண்டு. கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காசியா என்னும் வகை. தடித்த ஒரே பட்டையாய்ச் சுருண்டிருக்கும். ஈரலுக்குத் தீங்கு செய்யும் கூமரின் என்னும் பொருள் அதில் மிகுதியாக இருக்கிறபடியால், 2006-இல் ஜெர்மனியின் அரசாங்க ஆராய்ச்சி நிறுவனமே பட்டை சேர்ந்த கிறிஸ்துமஸ் பிஸ்கோத்துகளைப்பற்றி எச்சரித்தது. இலங்கைப் பட்டையோ காகிதம்போல் மெல்லிய பல சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்றாய் அமைந்தது; அதில் கூமரின் மிகச் சொற்பம். அதையே வாங்கு. கசகசா அடைத்த ரொட்டிகளைக் குறைத்துக்கொள். நம் குருமாவில் சேரும் ஒரு சிட்டிகையைப்பற்றி நான் சொல்லவில்லை, அங்கே கைப்பிடி கைப்பிடியாய் அடைப்பார்கள். ஸ்டொல்லன் என்னும் கிறிஸ்துமஸ் ரொட்டியை, துணியில் சுற்றிய பாலகனின் சாயலில் மடித்துச் சர்க்கரை தூவிச் செய்கிறார்களே, அதை நீயும் செய்யலாம். முற்காலத்தில் அட்வெந்து உபவாச காலமானதால் வெண்ணெய்க்குத் தடை இருந்து, 1491-இல் எட்டாம் இன்னசென்ட் போப்பு அனுமதி கொடுத்தபின் சாக்சனியார் அதில் வெண்ணெய் சேர்த்தார்கள் என்பது வரலாறு. இக்காலத்தார் அதற்குரிய திராட்சையை ரம் என்னும் மதுவில் ஊறவைக்கிறார்கள். அடுப்பில் வைத்தால் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்று சிலர் சொல்வது உண்மையன்று. நீ ஆரஞ்சுச் சாற்றில் ஊறவை. கடையில் வாங்கினால் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்கு.

இனிப்பைக் குறித்து நான் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. கர்ப்ப காலத்தில் வரும் நீரிழிவு நம் தேசத்துப் பெண்களுக்கு ஐரோப்பியப் பெண்களைவிட அதிகமாக வருகிறது. அது தாய்க்கு யாதொரு நோவும் காட்டாமல் பிள்ளையை அளவுக்கு மிஞ்சிப் பெருக்கச் செய்து பிரசவத்தைக் கடினமாக்கும். சென்னை மருத்துவர் வி. சேஷையா ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குளுக்கோஸ் கொடுத்து இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்று பல்லாண்டு பாடுபட்டார். அவர் பிறந்த மார்ச் 10-ஆம் தேதியை இந்தியாவில் இந்நோயின் விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கிறார்கள். உனக்கு அங்கே 24-ஆம் வாரத்துக்கும் 28-ஆம் வாரத்துக்கும் இடையில் அந்தச் சோதனை செய்வார்கள். அதுவரையிலும் கேக்கைப் பண்டிகைப் பண்டமாகவும் ரொட்டியை அன்றாட ஆகாரமாகவும் வைத்துக்கொள்.

இனி, நீ கேளாவிட்டாலும் உன் கடிதத்தின் வரிகளுக்கிடையில் நான் வாசித்ததைப்பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அம்மா பக்கத்தில் இல்லை, வளைகாப்புக்குக் கூடுவார் இல்லை, ஜன்னலுக்கு வெளியே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். ரூத்தின் புஸ்தகத்தை இந்த வாரத்தில் மறுபடியும் வாசி. அவள் மோவாபிலிருந்து பெத்லகேமுக்கு வந்த அந்நிய ஸ்திரீ; வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில் வந்து பிறர் வயலில் கதிர் பொறுக்கினாள்; போவாஸ் கொடுத்த ஆகாரத்தில் தான் உண்டது போக மீந்ததை மாமியாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது அவளுடைய பெற்றோர் அருகில் இருந்ததாக வேதம் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஓபேத் என்று பேரிட்டவர்கள் அயல்வீட்டு ஸ்திரீகள். அந்தப் பிள்ளையே தாவீதின் பாட்டனானான். அந்நிய ஊரில் பிள்ளை பெறுகிறவளுக்குக் கர்த்தர் உறவை அயல்வீட்டிலிருந்து எழுப்புகிறார் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி எனக்குத் தேவையில்லை.

நானும் என் தலைப்பிள்ளையை லைப்சிக்கில் சுமந்தவள். கீழ்வீட்டில் தனியாயிருந்த ஒரு மூதாட்டிக்கு நான் சுட்ட ரொட்டியில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு அவர் பாஷையும் அவருக்கு என் பாஷையும் சரியாக விளங்காது. அவர் அதைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து, கத்தியால் ஒரு துண்டறுத்து உப்பிட்ட வெண்ணெய் தடவி, நான் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் தம்முடைய புளித்த மாவிலிருந்து ஒரு கிண்ணம் எனக்குக் கொண்டுவந்தார். பிரசவ வலி கண்ட இரவில் வண்டியை வரவழைத்து, என் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியவரும் அவரே. லுத்தர் சொன்ன அந்த அயலாரை நான் முகமுகமாய்க் கண்டேன்.

ஆகையால் மகளே, இந்தச் சனிக்கிழமை நீ சுடும் ரொட்டியில் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டு. பாஷை வரவில்லையே என்று கூச்சப்படாதே. உன் ஆலயத்து ஸ்திரீகளிடம் உனக்கு மாதம் எத்தனை என்று சொல். வளைகாப்பு என்றால் என்னவென்று கேட்பார்கள், விளக்கிச் சொல், வந்து கூடுவார்கள். பிரசவத்துக்குப்பின் வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவச்சியை இப்போதே பேசி அமர்த்திக்கொள். கடைசி நேரத்தில் கிடைப்பது அரிது. குளுக்கோஸ் சோதனைக்கு நாள் குறித்திருப்பார்கள். ஜெபக்கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் அந்த நாளைத் தள்ளிவைக்காதே. முடிவு வந்தவுடன் எனக்கு எழுது.

உனக்காக நித்தமும் ஜெபிக்கும்,
பெரியம்மா