பைபாஸுக்குப் பிறகு துடிப்பு தடுமாறுமா? முன்கூட்டியே கணிக்க வழி உண்டா?



பைபாஸ் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொல்லி, வீட்டார் நிம்மதியாக இருக்கும் மூன்றாம் நாள். ஐ.சி.யூ. மானிட்டர் விடாமல் சத்தமிடுகிறது. "அத்தாவுக்கு இதயத்துடிப்பு சீராக இல்லை, மருந்து கொடுத்திருக்கிறோம்" என்கிறார் நர்ஸ். ஆபரேஷன் வீணாகிவிட்டதோ என்று வெளியே நிற்பவர்களுக்குக் கை கால் பதறுகிறது. செவ்வாய்ப்பேட்டையில் மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் குடும்பங்களுக்காக இந்த முறை இதைப் பற்றிப் பார்ப்போம்.

என்ன நடக்கிறது?

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் தாறுமாறாக நடுங்குவதை 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்கிறார்கள். ஆபரேஷனால் உண்டாகும் அழற்சி, இதயத்தைச் சுற்றித் தேங்கும் ரத்தக்கசிவு, உடல் படும் அதிர்ச்சி ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. பெரும்பாலும் 2 முதல் 4 நாட்களுக்குள் தலைகாட்டும். பலருக்குச் சில நாட்களில் அடங்கியும் விடும். ஆனால் அலட்சியம் கூடாது. நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்விட்டால் பக்கவாதம் வரும்.

எத்தனை பேருக்கு வருகிறது?

இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனை 1975ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். ஐம்பது ஆண்டுகளில் ஆபரேஷன் எவ்வளவோ முன்னேறியும் இந்தத் தொல்லை மட்டும் விடவில்லை. 17 நாடுகளில் 70 மருத்துவமனைகளைச் சேர்ந்த 4,657 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2004ல் வெளியானது. அதில் சுமார் 32 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு, இது வந்தது.

யாருக்கு வரலாம்?

அந்த ஆய்வும் பின்வந்தவையும் காட்டும் அடையாளங்கள் இவை:

1. வயது. இதுவே பெரிய காரணம். பத்துப் பத்து வயதாக ஏற ஏற வாய்ப்பும் கூடுகிறது.
2. முன்பே எப்போதாவது துடிப்பு தடுமாறியிருப்பது.
3. நாள்பட்ட நுரையீரல் நோய், ரத்தக்கொதிப்பு, உடல் பருமன்.
4. பைபாஸுடன் வால்வு ஆபரேஷனும் சேர்வது.
5. எக்கோவில் இடது மேலறை பெரிதாகத் தெரிவது.
6. முன்பு சாப்பிட்டு வந்த மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்ற 'பீட்டா பிளாக்கர்' மாத்திரை நின்றுபோவது.

இவற்றுக்கு மதிப்பெண் போட்டு, அபாயம் அதிகமா குறைவா என்று டாக்டர்கள் கணிக்கிறார்கள். இது உறுதியான தீர்ப்பு அல்ல. அதிக மதிப்பெண் பெற்றவருக்கு வராமலும் போகலாம். குறைவானவருக்கு வரவும் செய்யலாம். ஆனாலும் பயன் உண்டு. அபாயம் அதிகமுள்ளவருக்குத் தடுப்பு மருந்து கொடுக்கலாம், கூடுதல் நாட்கள் மானிட்டரில் வைத்துக் கவனிக்கலாம். இதய உறையின் பின்புறம் சிறு திறப்பு வைத்து, தேங்கும் கசிவு வடிய வழிசெய்யும் முறையும் உண்டு. நியூயார்க்கில் 420 பேரிடம் நடந்து 2021ல் வெளியான ஆய்வில், இம்முறை துடிப்புத் தடுமாற்றத்தை 32 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாகக் குறைத்தது.

நாம் செய்ய வேண்டியது

கணிப்பு சரியாக அமைய, நாம் சொல்லும் விவரமும் சரியாக இருக்க வேண்டும். எப்போதோ வந்த படபடப்பு, மூச்சிரைப்பு, புகைப்பழக்கம், தைராய்டு எதையும் மறைக்க வேண்டாம். மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் நிறுத்தச் சொன்ன மாத்திரையை மட்டும் நிறுத்துங்கள். நாமாக எதையும் விட்டுவிடக் கூடாது.

வீடு திரும்பிய பின் தினமும் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். வாய் கோணல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், மயக்கம் தெரிந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தந்திருந்தால் ஒரு வேளையும் தவறக் கூடாது. நோன்பு வைக்க விரும்புவோர் மாத்திரை நேரம் பற்றி முதலில் டாக்டரிடம் கேளுங்கள். நெஞ்செலும்பு கூடும்வரை கையூன்றி எழுவது நல்லதல்ல; நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகைப்படி நாற்காலியில் அமர்ந்து தொழலாம்.

செலவை நினைத்து ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பைபாஸும் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் இப்போதே எடுத்து வையுங்கள். நெஞ்சுவலி வந்த பிறகு அலைவது பெரும்பாடு.

வல்ல இறைவன் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக! ஆமீன்.