தெற்கு நோக்கிப் புறப்படும் மோட்டார்ஹோம்களுக்கான இலையுதிர்கால ஆலோசனை

அக்டோபர் மாதத்தில் கனடாவின் பிரெய்ரி மாகாணங்களிலும் ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கத் தொடங்கிவிடுவதால், குளிர்காலத்தைத் தென் மாநிலங்களில் கழிப்பதற்காக ஆண்டுதோறும் மோட்டார்ஹோம்களில் புறப்படும் ‘பனிப்பறவைகள்’ எனப்படும் பயணிகளுக்கு இது ஆயத்தத்தின் இறுதிக் கட்டமாகும். அரிசோனாவின் குவார்ட்சைட் ஊரை ஒட்டிய பாலைநிலத்தில் அமெரிக்க அரசின் நிலமேலாண்மைத் துறை நடத்திவரும் நீண்டகாலத் தங்கிடங்களின் பருவம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீடிக்கிறது. அங்கே சென்று சேர்ந்தபின் கழியும் மாதங்களைவிட, சென்று சேரும் வரையிலான சில நாட்களே வண்டிக்குக் கடினமானவை. ஏனெனில் உறைபனி இரவையும் நீண்ட மலையிறக்கத்தையும் பாலை வெயிலையும் ஒரே வாரத்துக்குள் அது கடக்க நேர்கிறது.

மோட்டார்ஹோம் என்பது ஒரே சட்டகத்தின்மேல் அமைந்த இரு வேறு அமைப்புகளின் கூட்டு. எஞ்சின், பிரேக், டயர் ஆகியவை அடங்கிய வண்டிப் பகுதியைச் செப்பனிட லாரிப் பட்டறைகள் உண்டு; விளக்கு, நீர்ப்பம்பு, அடுப்பு, குளிர்பெட்டி, வெப்பமூட்டி ஆகியவை அடங்கிய வீட்டுப் பகுதியோ தனிப் பேட்டரியையும் புரொப்பேன் வாயுத் தொட்டியையும் நீர்த்தொட்டிகளையும் நம்பி இயங்குவதால், அதனை அறிந்த பணியாளர்கள் நெடுஞ்சாலையோரச் சிற்றூர்களில் எளிதில் கிடைப்பதில்லை. எனினும் வழியில் பழுது என்று கருதப்படுவனவற்றுள் பல, கருவியின் பழுதல்ல; கருவிக்குச் செல்ல வேண்டிய மின்னழுத்தமோ வாயுவோ நீரோ போதிய அளவில் சென்று சேராமையால் விளைபவை. ஆகவே எந்தக் கருவியையும் கழற்றுவதற்கு முன் அதற்கு ஊட்டம் வருகிறதா என்று அளந்து பார்ப்பதே இந்த ஆலோசனையின் மையக் கருத்து. மின்னழுத்தத்தை அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு தரமான கருவியும் இல்லாமல் புறப்படக் கூடாது.

உடனடியாக முடிவு செய்ய வேண்டியது நீர் அமைப்பைப் பற்றியது. நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுவதால், குழாய் இணைப்புகளும் பம்பின் உறையும் கழிப்பறையின் வால்வும் ஒரே இரவில் வெடிப்புக் காணக்கூடும். அந்த வெடிப்பு, பனி உருகி நீர் கசியும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். உறைபனிப் பகுதியைக் கடக்கும் வரை நீர் அமைப்பை வெறுமையாக வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் கேன் நீரைப் பயன்படுத்துவதே பாதுகாப்பான வழி. இதற்கு நன்னீர்த் தொட்டியை வடித்துவிட்டு, நீர்சூடேற்றி நன்கு ஆறியபின் அதன் அழுத்தத்தைத் தணித்து, வடிகால் அடைப்பைத் திறந்து காலி செய்ய வேண்டும். அதன்பின் நீர்சூடேற்றிக்குள் திரவம் புகாதவாறு மாற்றுவழி வால்வுகளைத் திருப்பி, உறைதடுப்புத் திரவத்தைப் பம்பின் வழியே இழுத்து, ஒவ்வொரு குழாயிலும் குளியலறையிலும் கழிப்பறையிலும் அது இளஞ்சிவப்பு நிறத்தில் வெளிவரும் வரை ஓடவிட வேண்டும். இந்தத் திரவம் புரொப்பிலீன் கிளைக்கால் என்னும் வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டதாகவே இருக்க வேண்டும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றப்படும் எத்திலீன் கிளைக்கால் நச்சுத்தன்மை உடையதாகையால் குடிநீர்க் குழாய்களில் ஒருபோதும் புகக் கூடாது.

வெப்பமான பகுதியை அடைந்து நீரை மீண்டும் நிரப்பும்போது, திரவம் முழுவதும் கழுவப்பட்டபின், ஏறத்தாழ 57 லிட்டர் நீருக்கு 60 மில்லிலிட்டர் என்ற அளவில் மணமற்ற வீட்டுப் பிளீச்சைக் கலந்து, அனைத்துக் குழாய்களிலும் அது சென்று சேரச் செய்து, சில மணி நேரம் நிறுத்திவைத்து, வாசனை நீங்கும் வரை அலச வேண்டும். இந்தக் கட்டத்தில் நிகழும் பிழை ஒன்று தனியே குறிப்பிடத்தக்கது. மாற்றுவழி வால்வுகளைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்துவிட்டு மின்சாரத்தில் நீர்சூடேற்றியை இயக்கினால், வெறுந்தொட்டிக்குள் இருக்கும் சூடேற்றுக் கம்பி சிறிது நேரத்திலேயே எரிந்துபோகும். வால்வுகள் பழைய நிலைக்குத் திருப்பப்பட்டதை உறுதிசெய்து, சுடுநீர்க் குழாயைத் திறந்து அதிலிருந்து நீர் தடையின்றி வருவதைக் கண்டபின்னரே நீர்சூடேற்றியின் சுவிட்சைத் தொட வேண்டும். பம்பு ஓடியும் நீர் வரவில்லை எனில், உறைதடுப்புத் திரவத்தை இழுக்கத் திறந்த வால்வு இன்னும் மூடப்படாமல் இருப்பதோ, வடிகட்டியின் மூடி தளர்ந்து பம்பு காற்றை இழுப்பதோ காரணமாகலாம். எந்தக் குழாயும் திறக்கப்படாத வேளையில் பம்பு அவ்வப்போது தானே ஓடி நின்றால், எங்கோ கசிவு இருப்பதாகவோ பம்பின் பின்னோட்டத் தடுப்பு வால்வு தேய்ந்திருப்பதாகவோ கொள்ள வேண்டும்.

குளிர் இரவுகளில் அதிகம் கைவிடும் கருவி ஃபர்னஸ் எனப்படும் வாயு வெப்பமூட்டி. இதன் இயங்குமுறையை அறிந்தவர்க்குக் குறையைக் கண்டறிவது கடினமன்று. அறையின் வெப்பநிலை குறைந்ததும் தெர்மோஸ்டாட் ஆணையிட, முதலில் விசிறி சுழல்கிறது. அந்தக் காற்றோட்டம் போதிய வேகத்தை அடைந்தால் மட்டுமே அது ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளி மின்சுற்றை மூடுகிறது. அதன் பின்னரே வாயு வால்வு திறந்து தீப்பொறி உண்டாகிறது. பாய்மரச் சுவிட்ச் எனப்படும் இந்தத் தகடு, புகை வெளியேறும் வழி இயங்காதபோது தீ பற்றிவிடாமல் காக்கும் பாதுகாப்பு உறுப்பு. பேட்டரி தளர்ந்திருந்தால் விசிறி சுழலும், ஆனால் மெதுவாகச் சுழலும், தகடு நகராது, தீ பற்றாது, விசிறி மட்டும் ஓடிக்கொண்டே எஞ்சிய மின்னையும் தீர்த்துவிடும். ஃபர்னஸ் கெட்டுவிட்டது என்று நள்ளிரவில் முடிவுகட்டுவோர் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது மின்னேற்றம் மட்டுமே.

இதனைச் சோதிக்கும்போது மின்னழுத்தத்தை விசிறி ஓடிக்கொண்டிருக்கும் வேளையிலேயே அளக்க வேண்டும் என்பது முக்கியம். ஓய்வு நிலையில் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும் ஈய–அமில பேட்டரி முழு மின்னேற்றம் உடையது என்றும், 12.1 காட்டுவது பாதி தீர்ந்தது என்றும் கொள்ளப்படும். ஆனால் முதிர்ந்த பேட்டரி ஓய்வில் நல்ல அளவைக் காட்டிவிட்டுச் சுமை ஏறியதும் சரிந்துவிடும் இயல்புடையது. பாதிக்கும் கீழே அதனை அடிக்கடி தீரவிடுவது அதன் ஆயுளைக் குறைக்கும். முழு மின்னேற்றம் உள்ள பேட்டரி கடுங்குளிரையும் தாங்கும். முற்றிலும் தீர்ந்த பேட்டரியின் திரவம் உறைநிலைக்குக் கீழ் பத்துப் பாகைக்குள்ளேயே உறைந்து உறையைப் பிளந்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைப் பயன்படுத்துவோர் 0 பாகை செல்சியஸுக்குக் கீழ் அதற்கு மின்னேற்றக் கூடாது. அவ்வாறு ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிலையான சேதம் விளையும்.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் ஃபர்னஸ் எரியவில்லை என்றால், அடுத்து அடுப்பைப் பற்றவைத்துப் பார்க்க வேண்டும். அடுப்பின் சுடர் நீலமாகவும் உறுதியாகவும் எரிந்தால் வாயு வருகிறது, குறை ஃபர்னஸிடம்தான் இருக்கிறது. அடுப்பும் மங்கலாக எரிந்தால் குறை தொட்டியிலோ ரெகுலேட்டரிலோ உள்ளது. தொட்டியின் வால்வை விரைந்து திறந்தால், குழாய் அறுந்துவிட்டதாகக் கொண்டு உள்ளிருக்கும் மிகையோட்டத் தடுப்பு உறுப்பு வாயுவை ஏறத்தாழ நிறுத்திவிடும். அவ்வேளையில் வால்வை மூடிச் சிறிது நேரம் காத்திருந்து மிக மெதுவாகத் திறப்பதே தீர்வு. புரொப்பேன் −42 பாகை வரை ஆவியாகவல்லது. பியூட்டேனோ 0 பாகைக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும் என்பதால், பியூட்டேன் சிலிண்டரில் எரியும் கையடுப்பை உறைபனிக் காலைக்கு நம்பிச் செல்லலாகாது. வாயுவில் இயங்கும் உறிஞ்சுவகைக் குளிர்பெட்டி அசையும் உறுப்புகள் இன்றி அம்மோனியாக் கரைசலின் ஓட்டத்தாலேயே குளிரூட்டுவதால், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினால்தான் அது வேலை செய்யும். அதன் பின்புறத்தில் மஞ்சள் படிவும் அம்மோனியா நெடியும் தென்பட்டால் அதனை உடனே அணைத்துவிட வேண்டும்.

முகாம்களில் மோட்டார்ஹோம்களுக்குக் கிடைக்கும் மின்னிணைப்பு பெரும்பாலும் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என இருவகைப்படும். செருகுவதற்கு முன் மின்கம்பப் பெட்டியின் அழுத்தத்தை அளக்க வேண்டும். 50 ஆம்பியர் இணைப்பில் இரண்டு 120 வோல்ட் கம்பிகளும் அவற்றுக்குப் பொதுவான ஒரு நியூட்ரல் கம்பியும் உள்ளன; அந்த நியூட்ரல் துண்டிக்கப்பட்டிருந்தால் ஒரு பக்கத்தின் அழுத்தம் 120-ஐத் தாண்டி ஏறி, அங்குள்ள கருவிகள் கணப்பொழுதில் கருகக்கூடும். இதற்கென விற்கப்படும் மின்காப்புக் கருவி விலை கூடியதே ஆயினும், அதனைத் தவிர்ப்பது சிக்கனமாகாது. இணைத்த பிறகு பேட்டரி முனையில் 13 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். காட்டவில்லை எனில் மாறுமின்னை நேர்மின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் இயங்கவில்லை என்பதால், அதன் பிரேக்கரையும் ஃபியூஸ்களையும் முதலில் பார்க்க வேண்டும்.

டயரைப் பொறுத்தவரை, மோட்டார்ஹோமின் டயர் பெரும்பாலும் ஓடித் தேய்வதற்கு முன் நின்றே முதிர்ந்துவிடுகிறது. பக்கவாட்டில் பொறித்துள்ள குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்கள் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் குறிக்கின்றன. 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரம். ஆறேழு ஆண்டுகளைக் கடந்த டயரை, அதன் பள்ளங்கள் புதியன போலத் தோன்றினாலும், வல்லுநர் ஒருவரிடம் காட்டாமல் நெடும்பயணத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. காற்றழுத்தத்தை எப்போதும் ஓட்டுவதற்கு முன், டயர் சூடேறாத நிலையில் அளக்க வேண்டும். கோடையில் 25 பாகை வெப்பத்தில் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு என நிரப்பிய டயர், 0 பாகைக் காலையில் ஏறத்தாழ 72 பவுண்டுக்கு இறங்கியிருக்கும். குறைந்த அழுத்தத்தில் ஓடும் டயரின் பக்கச்சுவர் மிகுதியாக வளைந்து சூடேறி வெடிக்கும். தெற்கே செல்லச் செல்ல அழுத்தம் ஏறுவதைக் கண்டு, ஓடிச் சூடான டயரிலிருந்து காற்றை வெளியேற்றுவதும் அதே அளவு தவறானது. பின்னச்சில் இரட்டை டயர்கள் உள்ள வண்டியில் உட்பக்க டயர் கண்ணில் படாமையாலேயே புறக்கணிக்கப்படுகிறது. அதன் வால்வுக்கு நீட்டிப்புக் குழாய் பொருத்திக்கொள்வது நல்லது. முன் டயர் வெடித்தால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பற்றி, வண்டி நேர்கோட்டில் நிலைத்தபின் வேகத்தைத் தானாகக் குறையவிட்டு ஓரம் கட்ட வேண்டும்.

மலையிறக்கங்களில் வேகத்தை அடக்க வேண்டியது எஞ்சினே. இறக்கம் தொடங்கும் முன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றிவிட வேண்டும். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகைத் திரவத்துக்குப் புதிதில் குறைந்தது 205 பாகையாக இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறியபின் 140 பாகை வரை தாழலாம். அந்நிலையில் தொடர்ந்து மிதிக்கப்படும் பிரேக்கின் சூட்டில் திரவம் கொதித்து ஆவியாகி, மிதி தரைவரை இறங்கிவிடும். இரண்டாண்டுகளாக மாற்றப்படாத திரவத்தைப் புறப்படும் முன் மாற்றிவிட வேண்டும்.

கூரையின் இணைப்புகளிலும் காற்றுத் திறப்புகளின் விளிம்புகளிலும் உள்ள பசைப்பூச்சில் விரிசல் இருந்தால், மழையற்ற நாள் ஒன்றில் இப்போதே அடைத்துவிட வேண்டும். கூரை ரப்பர் வகையானால் பெட்ரோலியம் கலந்த துப்புரவுப் பொருள்களைத் தவிர்க்க வேண்டும். குளிருக்கு ஒதுங்க வரும் எலிகள் மின்கம்பிகளைக் கடிப்பதால், அடித்தளத் துளைகளைச் செம்புக் கம்பி வலையால் அடைக்க வேண்டும்.

இவற்றுள் எது விடுபட்டாலும் பணமும் நாளும் வீணாகும். வாயு எச்சரிப்பான்கள் விடுபட்டால் உயிர் போகும். புரொப்பேன் காற்றைவிடக் கனமானதாகையால் அதன் எச்சரிப்பான் தரையை ஒட்டிப் பொருத்தப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் தனியாகவோ அதனுடன் இணைந்தோ அமைந்திருக்கும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒலிப்பது மணியின் நலத்தை மட்டுமே காட்டும். உணரும் உறுப்பு சில ஆண்டுகளில் செயலிழப்பதால், காலாவதி நாள் கருவியின் மேலோ பின்புறத்திலோ அச்சிடப்பட்டிருக்கும். ஃபர்னஸ் எரியாத இரவில் சமையலடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவது கூடவே கூடாது. புறப்படுவோர் அனைவரும் இன்றே அந்த எச்சரிப்பான்களின் காலாவதி நாளைப் படித்துப் பார்த்து, நாள் கடந்திருந்தால் புதியன பொருத்திய பின்னரே வண்டியை எடுக்க வேண்டும்.