மீன் தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணி ஊத்தலாமா?

நான் மீன் வளர்க்கிறேன் என்று தெரிந்ததும் ஜூனியர்ஸ் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அண்ணா, எங்க வீட்ல போர் தண்ணி ஒரே உப்பு. ஆர்.ஓ. தண்ணியையே தொட்டியில ஊத்திடலாமா?" பதில் ரொம்பச் சின்னது. ஊத்தலாம், ஆனால் அப்படியே ஊத்தக்கூடாது. அந்த "அப்படியே"க்கு நான் கொடுத்த விலை ஒன்பது கப்பி மீன்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கெமிக்கல் டிபார்ட்மெண்ட் மக்கள் இதில் தப்பு கண்டுபிடித்தால் கேன்டீனில் பிடித்துச் சொல்லுங்க.

முதல் வருஷம் கொளத்தூர் போய் பன்னிரண்டு கப்பி வாங்கி வந்தேன். வண்ண மீனுக்குச் சென்னையில் கொளத்தூரை விட்டால் வேறு ஊர் ஏது! வீட்டில் 40 லிட்டர் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். போர் தண்ணியின் டிடிஎஸ் 1100. கண்ணாடி முழுக்க வெள்ளைக் கறை. நமக்கே குடிக்க முடியாத தண்ணி மீனுக்கு எப்படி ஒத்துக்கும் என்று எனக்கு ஒரு பெரிய மனசு. வாராவாரம் பாதித் தண்ணியை எடுத்துவிட்டு, கிச்சனில் இருந்த ஆர்.ஓ.வில் பிடித்து ஊற்றினேன். நாலு வாரம் தொட்டி பளிங்கு மாதிரி இருந்தது. ஐந்தாவது வாரம் மீன்கள் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கின. பயந்துபோய், "பழைய தண்ணிக்கே போயிடலாம்" என்று முக்கால் தொட்டியைக் காலி பண்ணி, நேராகப் போர் தண்ணியை நிரப்பினேன். சாயங்காலத்துக்குள் ஒன்பது மீன் போயிற்று.

அன்றைக்கு எனக்குப் புரியாத விஷயம், அந்த ஒன்பதையும் கொன்றது கடைசியில் நான் செய்த வைத்தியம்தான். அது எப்படி என்று புரிய, ஆர்.ஓ. என்ன செய்கிறது என்பதிலிருந்து வரணும்.

ஒரு மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் நல்ல தண்ணி, மறுபக்கம் உப்புத் தண்ணி இருந்தால், தண்ணி தானாகவே உப்பு இருக்கும் பக்கம் போகும். பிளஸ் டூவில் படித்த சவ்வூடு பரவல்தான். உப்புப் பக்கத்தில் போதுமான அழுத்தம் கொடுத்தால் தண்ணி எதிர்த்திசையில் வரும், உப்பு பின்தங்கிவிடும். இதுதான் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ். 1950களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவிலிருந்து போன ஸ்ரீநிவாச சௌரிராஜனும் செல்லுலோஸ் அசிடேட்டில் செய்த மெம்பிரேன்தான் இதை லேபிலிருந்து வெளியே கொண்டுவந்தது. இப்போது நம் வீட்டு மெஷினில் இருப்பது பாலிஅமைடு. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்கும் ஆலைகளில் நடப்பதும் இதேதான், அழுத்தம் மட்டும் பல மடங்கு. வீட்டு மெஷின் கரைந்த உப்பில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும். எங்கள் வீட்டில் 1100 உள்ளே போய் 60 வெளியே வருகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால் மீனின் செவுளும் ஒரு சவ்வுதான். நன்னீர் மீனின் ரத்தத்தில் இருக்கும் உப்பு, ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலை விடக் கொஞ்சம்தான் குறைவு. வெளியே இருப்பது அதோடு ஒப்பிட்டால் வெறும் தண்ணி. ஆகவே நாள் முழுக்கத் தண்ணி உள்ளே வந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். நன்னீர் மீன் தண்ணி குடிப்பதே இல்லை என்று சொல்லலாம். மாறாக ஓயாமல் சிறுநீர் கழித்து வந்த தண்ணியை வெளியேற்றுகிறது. போன சோடியத்தையும் குளோரைடையும் செவுளில் உள்ள செல்கள் சக்தி செலவழித்துத் திரும்ப இழுக்கின்றன. தண்ணியில் இருக்கும் கால்சியம் அந்தச் செவுளின் கசிவைக் குறைக்கிறது. வெறும் ஆர்.ஓ. தண்ணியில் இழுக்க உப்பும் இல்லை, கசிவை அடைக்கக் கால்சியமும் இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கு, தொட்டி நிரம்பவே மாட்டேங்குது என்கிற கதைதான்.

ஆனால் என் தொட்டியை முதலில் கவிழ்த்தது இது இல்லை. கேஹெச்.

கேஹெச் என்பது தண்ணியில் உள்ள கார்பனேட், பைகார்பனேட் அளவு. பிஹெச்சைத் தாங்கிப் பிடிக்கும் பஃபர் அதுதான். ஒரு டிகிரி கேஹெச் என்றால் லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். எங்கள் போர் தண்ணியில் கேஹெச் 14. ஆர்.ஓ.வில் பூஜ்யம் என்றே வையுங்கள். வாராவாரம் பாதி மாற்றினால் 14, 7, 3.5, 1.75, நாலாவது வாரம் 0.9. அரையாண்டுக் கணக்கில் வரும் பெருக்குத் தொடர் மாதிரி அழகாக இறங்குகிறது.

இதற்கு மேல் ஃபில்டர் பாக்டீரியா வேறு அதைத் தின்கிறது. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 7 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் அதிகமாகக் கால்சியம் கார்பனேட் அளவு பஃபர் செலவு. தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிராம் மீன் தீனியில் 40 சதவீதம் புரதம், புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 64 மில்லிகிராம் நைட்ரஜன். அதில் பாதி அம்மோனியாவாக வெளியே வந்தால் 32. அதை ஏழால் பெருக்கினால் கிட்டத்தட்ட 225 மில்லிகிராம் பஃபர் காலி. 40 லிட்டர் தொட்டியில் கேஹெச் 1 என்றால் மொத்தச் சொத்தே 715 மில்லிகிராம். மூணு கிராம் தீனி போட்டால் கஜானா காலி! தினம் 0.3 கிராம் போடுகிறவனுக்குப் பத்து நாள்.

பஃபர் தீர்ந்ததும் பிஹெச் சரசரவென்று 6-க்குக் கீழே இறங்கும். அந்த அமிலத் தண்ணியில் பாக்டீரியா வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும், அம்மோனியா சேரும். ஆனால் மீன் உடனே சாகாது. ஏனென்றால் பிஹெச் 6-ல் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் அயனியாக இருக்கும். அதில் விஷம் குறைவு. விஷமான அம்மோனியா வடிவம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பிஹெச் 8-க்குப் போனால் அதே மொத்த அளவில் இருபதில் ஒரு பங்கு விஷ வடிவமாகிவிடும். நூறு மடங்கு வித்தியாசம். முக்கால் தொட்டிப் போர் தண்ணியை ஊற்றி நான் செய்தது அதைத்தான். அம்மோனியாவைக் கால் பங்காகக் குறைத்தேன், மிச்சமிருந்ததின் விஷத்தைப் பல மடங்கு ஏற்றினேன். கூடவே டிடிஎஸ்ஸும் ஒரே தாவலில் ஏறியது.

ஆகவே தொட்டி இப்படிக் கவிழ்ந்திருந்தால், தயவுசெய்து அவசரப்படாதீங்க. தீனியை நிறுத்துங்க. கேஹெச் குறைவான, தொட்டித் தண்ணிக்கு நெருக்கமான தண்ணியால் பத்து பத்து சதவீதமாக மாற்றி முதலில் அம்மோனியாவைக் குறைங்க. கேஹெச்சைப் பிறகு சில நாட்களில் மெல்ல ஏற்றலாம். சோடா உப்பைக் கையால் அள்ளிப் போடுவதும் நான் செய்த அதே தப்புதான்.

சரி, முதலிலிருந்தே ஒழுங்காகச் செய்வது எப்படி? கலக்கணும், அவ்வளவுதான். வேண்டிய டிடிஎஸ்ஸிலிருந்து ஆர்.ஓ. டிடிஎஸ்ஸைக் கழித்து, அதைப் போர் டிடிஎஸ்ஸுக்கும் ஆர்.ஓ. டிடிஎஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் போர் தண்ணியின் பங்கு வரும். எனக்கு 250 வேண்டும் என்றால் 190-ஐ 1040-ஆல் வகுக்கணும், 0.18. இருபது லிட்டர் பக்கெட்டில் மூன்றரை லிட்டர் சொச்சம் போர், மிச்சம் ஆர்.ஓ. இதில் கேஹெச் 2.5 வரும். இன்னும் ஒரு டிகிரி ஏற்ற இருபது லிட்டருக்கு 0.6 கிராம் சமையல் சோடா போதும் (பேக்கிங் பவுடர் இல்லை, அதில் வேறு சாமானும் இருக்கு). பலவகை மீன் கலந்த சாதாரணத் தொட்டிக்குக் கேஹெச் 3-லிருந்து 5 வரை வைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம். போருக்குப் பதில் மெட்ரோ வாட்டர் கலக்கிறவர்கள் அந்தப் பங்கில் உள்ள குளோரினை மட்டும் எடுத்துவிடணும். ஆர்.ஓ. பங்கில் கார்பன் ஃபில்டர் அந்த வேலையை ஏற்கெனவே செய்திருக்கும். புது மீனை விடும்போது ஏர் டியூபில் ஒரு முடிச்சு போட்டு, தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டுப் பழக்குங்க.

இருநூறு ரூபாய் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பி இதையெல்லாம் செய்யக்கூடாது என்பதையும் சொல்லிடறேன். அது அளப்பது மின்கடத்தலை. அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. உள்ளே இருப்பது கால்சியமா, வெறும் சோடியம் குளோரைடா என்று அதற்குத் தெரியாது. கடலோரத்துப் போர்களில் கடல்நீர் புகுந்திருந்தால் டிடிஎஸ் ஆயிரம் காட்டும், அதில் பெரும்பங்கு சாதா உப்பாகவே இருக்கும். கேஹெச், ஜிஹெச் சொட்டு டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி நாலு பேர் பங்கு போட்டுக்கலாம். அபார்ட்மெண்டில் சாஃப்ட்னர் வைத்திருந்தால் அதுவும் ஆர்.ஓ. இல்லை. கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது, டிடிஎஸ் குறையவே குறையாது. இன்னொன்று, இப்போது வரும் பல வீட்டு மெஷின்களில் "காப்பர்" கார்ட்ரிட்ஜ் இருக்கு. நமக்கு எப்படியோ, இறாலுக்கும் நத்தைக்கும் தாமிரம் நஞ்சு. அந்த மெஷினாக இருந்தால் கார்ட்ரிட்ஜுக்கு முன்னாலேயே ஒரு குழாய் பிரித்து எடுக்கணும்.

உண்மையில் எனக்கு ஆர்.ஓ. அவ்வளவு தேவையே இல்லை. கப்பியும் மோலியும் கடினத் தண்ணியில் சந்தோஷமாக இருக்கும் மீன்கள். மறுபடி கொளத்தூர் போனபோது கடைக்காரர் சிரித்தார்: "தம்பி, கப்பிக்கு எதுக்குப்பா ஆர்.ஓ.? நாங்களே போர் தண்ணியிலதான விடுறோம்!" அமேசானின் ரியோ நீக்ரோ ஆற்றிலிருந்து வரும் கார்டினல் டெட்ரா கதை வேறு. அந்த ஆற்றுத் தண்ணியே கிட்டத்தட்ட ஆர்.ஓ. மாதிரி உப்பில்லாமல், அமிலமாக இருக்கும். டிஸ்கஸ் குஞ்சு பொரிக்க வைக்கவும் மென்னீர் வேண்டும். ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரி மீன்களோ பிஹெச் 9 பக்கம் வாழ்பவை. அவற்றுக்கு ஆர்.ஓ. ஊற்றுவது தண்டனை. முதலில் மீனைத் தேர்ந்தெடுங்க, பிறகு தண்ணியை.

கடினத் தண்ணி மீன் வளர்த்தாலும் ஒரு இடத்தில் ஆர்.ஓ. வேண்டும். ஆவியாகிக் குறையும் தண்ணியை நிரப்ப. குழம்பு சுண்டச் சுண்ட உப்பு ஏறும் இல்லையா? தொட்டியிலும் தண்ணி மட்டும்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும். மே மாதம் மூடியில்லாத தொட்டியில் தினம் ஒரு லிட்டர் குறைகிறது என்று வையுங்கள். அதைப் போர் தண்ணியாலேயே நிரப்பினால் நாற்பது நாளில் 40 லிட்டர் தொட்டியின் டிடிஎஸ் 1100-லிருந்து 2200. குறைந்ததை நிரப்ப ஆர்.ஓ., மாற்றும் தண்ணிக்குக் கலவை.

பாசியும் பெரணியும் வைத்து விவேரியம் செய்கிறவர்களுக்கு விஷயம் இன்னும் சுலபம். ஸ்பிரே பண்ண வெறும் ஆர்.ஓ.வே நல்லது. போர் தண்ணி அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி, நாசில் அடைப்பு, பாசி நுனி கருகல் எல்லாம் வரும். ஆனால் தவளை உட்காரும் தண்ணிக் கிண்ணத்தில் வெறும் ஆர்.ஓ. வேண்டாம். தவளை தோல் வழியாகத்தான் தண்ணி எடுக்கும், செவுளுக்குச் சொன்ன அதே கதை அங்கேயும் நடக்கும். கலந்த தண்ணி வையுங்க. (நட்சத்திர ஆமையைப் பிடித்து வளர்க்கலாமா என்று யாரோ கேட்டீங்க. கூடாது, வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.)

கடைசியாக, சிங்க் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் அந்த மெல்லிய குழாய். வீட்டு மெஷின் ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். வாரம் எட்டு லிட்டர் தொட்டிக்கு எடுத்தால் இருபத்துநாலு லிட்டர் வரை கழிவு. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்கு நின்ற ஊரில் இது சங்கடமான கணக்கு. அதை டிரம்மில் பிடித்து வீடு துடைக்க, டாய்லெட்டுக்கு ஊற்றப் பயன்படுத்துகிறோம். உப்பு இன்னும் ஏறியிருப்பதால் செடிக்கு ஊற்றுவதில்லை.

போன வடகிழக்குப் பருவத்தில் வேறு வழி கிடைத்தது. மழைத்தண்ணியில் கரைந்த உப்பு மிகக் குறைவு, ஆர்.ஓ. செய்யும் அதே வேலையை வானம் இலவசமாகச் செய்துவிடுகிறது. முதல் மழையை விட்டுவிட்டு, மாடி நன்றாகக் கழுவப்பட்ட பிறகு இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்தேன். மீட்டரில் 25 காட்டியது. அன்றைக்குப் பிழைத்த மூணு கப்பியும் இப்போது முப்பது சொச்சம். யாருக்காவது வேண்டுமென்றால் மூடி உள்ள டப்பாவோடு வாங்க, உங்க வீட்டுத் தண்ணியின் கேஹெச் என்ன என்று பார்த்துவிட்டு.