பூட்டுவதா, கழற்றுவதா? கார் சைக்கிள் ரேக்குக்கு ஒரு வழிகாட்டி

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் எந்தச் சனிக்கிழமை காலையிலும், காருக்குப் பின்னால் சைக்கிள்களை மாட்டிக்கொண்டு கிளம்பும் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கலாம். ரேக் வாங்கும் முன் நிறைய விசாரித்திருப்பார்கள். எத்தனை சைக்கிள் ஏறும், மின்சார சைக்கிளின் எடையைத் தாங்குமா, சைக்கிளோடு டிக்கியைத் திறக்க முடியுமா என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். அந்த ரேக் ராத்திரி எங்கே இருக்கப்போகிறது என்ற கேள்வி மட்டும் விட்டுப்போகிறது. வாடகைக் குடியிருப்பின் திறந்த பார்க்கிங்கிலோ, தெருவோரத்திலோ, நெடுஞ்சாலை மோட்டல் வாசலிலோ, 600 முதல் 1,000 டாலர் வரை விலையுள்ள பொருள் காருக்கு வெளியே முழங்கால் உயரத்தில் நிற்கிறது. அதைக் காரோடு பிடித்திருப்பது விரல் தடிமனுள்ள ஒரு பின் மட்டுமே. பூட்டு இல்லாத பின் என்றால் அதன் நுனியில் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். கிளிப்பை உருவினால் பின் வந்துவிடும், பின்னோடு ரேக்கும் வந்துவிடும். கருவி எதுவும் வேண்டாம்.

அதனால் ரேக்கின் வகையையும் பூட்டையும் ஒன்றாகத்தான் யோசிக்க வேண்டும். தினமும் கழற்றி உள்ளே வைக்க முடிகிற ரேக்கா, மாதக்கணக்கில் காரிலேயே கிடக்கப்போகிற ரேக்கா? உங்கள் வீட்டுக்கும் உங்கள் முதுகுக்கும் இதில் எது நடக்கும் என்று உண்மையாகப் பதில் சொல்லிக்கொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

முதலில், பலரும் மட்டமாக நினைக்கிற பட்டை ரேக்கை எடுத்துக்கொள்வோம். டிக்கிக் கதவின் விளிம்புகளில் கொக்கி மாட்டி நாடாவால் இறுக்குவது. 100 முதல் 250 டாலருக்குள் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் கொக்கியைத் தளர்த்தி எடுத்துக்கொண்டு போகலாம். சில வகைகளில், கதவுக்குள் சிக்கும்படி ஒரு கேபிள் தருகிறார்கள். அது ஒப்புக்குத்தான். ஆனால் இதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எடை குறைவு. ஊர் போய்ச் சேர்ந்ததும் கழற்றி மடித்து டிக்கிக்குள் போட்டுவிடலாம். கண்ணில் படாத ரேக்கை யாரும் திருடுவதில்லை. வருஷத்துக்கு நாலைந்து முறை மட்டும் சைக்கிளைக் காரில் ஏற்றுகிறவர்களுக்கும் தெருவில் கார் நிறுத்துகிறவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். சைக்கிள் சட்டம் கார்பனாக இருந்தாலோ, காரின் பின்கதவில் ஸ்பாய்லர் இருந்தாலோ இந்த வகை ஒத்துவராது.

கூரை ரேக்கில் திருடுகிறவனுக்கு வேலை கூடுதல். தூலி, யாக்கிமா போன்ற நிறுவனங்களின் கூரை ரேக் கால்களில் பூட்டு உருளை போட இடம் இருக்கிறது. பூட்டிவிட்டால் இறுக்கும் திருகாணி மூடிக்குள் மறைந்துவிடும். பல மாடல்களில் இந்த உருளைகளைத் தனியாக வாங்க வேண்டும். வாங்காமல் விட்டால் அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் இருக்கும். திருட்டைப் பொறுத்தவரை கூரை ரேக் நல்லது. ஆனால் மேலே சைக்கிள் இருப்பதை மறந்து காரேஜுக்குள் காரை விடுகிற ஆபத்து இதில் எப்போதும் உண்டு.

இனி, பெரும்பாலோர் வாங்குகிற ஹிட்ச் ரேக். காரின் அடியில் பொருத்திய சதுரக் குழாயில், அதாவது ரிசீவரில், ரேக்கின் தண்டு நுழைகிறது. குறுக்கே ஒரு பின் போகிறது. ரிசீவர் 2 அங்குலம் என்றால் பின்னின் துளை 5/8 அங்குலம். சிறிய கார்களில் வரும் 1¼ அங்குல ரிசீவருக்கு அரை அங்குலம். இந்த அளவைத் தெரிந்துகொண்டு பூட்டு வாங்குங்கள். இரண்டு அளவுக்கும் ஒரே பூட்டு என்று விற்பார்கள். அது அரை அங்குலக் கம்பிக்கு மேல் ஒரு உறை மாட்டியது. பார்க்கத்தான் தடிமன், உள்ளே இருப்பது மெல்லிய கம்பி.

கம்பியின் நீளத்தை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அது தடிமனைவிட முக்கியமாகப் படுகிறது. பூட்டின் தலை ரிசீவரின் சுவரோடு ஒட்டி உட்கார வேண்டும். கம்பி நீளமாகிப்போய் நடுவே இடைவெளி இருந்தால், அங்கே நெம்புகோல் நுழையும், அல்லது சுத்தியல் அடி நேராகப் பூட்டின் கழுத்தில் விழும். பூட்டு பிடிக்கிற அந்தக் கழுத்துப் பகுதியில் கம்பியில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள், அங்கேதான் அது மெலிந்தும் இருக்கும். கடைக்குப் போகுமுன் ரிசீவரின் வெளி அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சற்று நீளமான கம்பிதான் கிடைக்கிறது என்றால் வாஷர் போட்டு இடைவெளியை அடைத்துவிடலாம்.

சாவியையும் பாருங்கள். வட்டக் குழாய் வடிவச் சாவி போடும் பூட்டுகளை வாங்க வேண்டாம் என்பேன். 2004இல் அமெரிக்காவில் கிரிப்டோனைட் நிறுவனத்தின் இந்த வகை சைக்கிள் பூட்டுகளைப் பிக் பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயை நுழைத்துத் திறக்க முடிகிறது என்று வெளியாகி, நிறுவனம் பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டிவந்தது. அதன் பிறகு வந்த குழாய்ச் சாவிப் பூட்டுகள் தேறியிருக்கின்றன. இருந்தாலும் தட்டைச் சாவியோ, பக்கங்களில் குழி வெட்டிய சாவியோ போடுகிற பூட்டு அதே விலைக்குக் கிடைக்கும்போது குழாய்ச் சாவியை எடுக்க ஒரு காரணமும் இல்லை.

ரேக் நிறுவனங்களின் பூட்டுகளில் ஒரு வசதி உண்டு. பின், சைக்கிள் கேபிள், கூரைக் கால் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி வைத்துக்கொள்ளலாம். அதோடு ஒரு பலவீனமும் வருகிறது. சாவியின் எண்ணைப் பல பூட்டுகளின் முகப்பிலேயே பொறித்திருப்பார்கள். தொலைந்தால் அந்த எண்ணைச் சொல்லி மாற்றுச் சாவி வாங்கத்தான் அந்த ஏற்பாடு. வழியில் போகிறவரும் அந்த எண்ணைப் படிக்கலாம். எண்ணைப் படமெடுத்து வீட்டில் வைத்துக்கொண்டு, பூட்டின் மேல் உள்ளதைக் கறுப்பு வண்ணத்தால் மறைத்துவிடுங்கள்.

சில ரேக்குகளில் பின் வெறுமனே குறுக்கே போகாமல், தண்டிலுள்ள மரையில் திருகி இறுக்கும்படி இருக்கும். ரேக் ஆடாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் அவற்றுக்குப் பொதுவான பூட்டுப் பின் சேராது. அந்த நிறுவனமே விற்கும் பூட்டைத்தான் போட வேண்டும். வேறு சில, தண்டின் நுனியை ரிசீவருக்குள் விரியச் செய்து பிடிப்பவை. அவற்றில் இறுக்கும் திருகாணிக்கே பூட்டு வேண்டும். 1¼ அங்குல ரிசீவரில் 2 அங்குல ரேக் மாட்ட அடாப்டர் போடுகிறவர்களுக்கு மூட்டு இரண்டாகிறது, அதனால் பூட்டும் இரண்டு தேவை. ரேக் பக்கத்துப் பின்னை மட்டும் பூட்டியிருந்தால் அடாப்டரோடு சேர்த்து உருவிக்கொண்டு போய்விடலாம்.

பின்னைப் பூட்டியதும் காரியம் முடிந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சக்கரத்தைத் தட்டில் நிறுத்துகிற பிளாட்பார்ம் ரேக் எப்படி வீட்டுக்கு வந்தது என்று நினைத்துப் பாருங்கள். பெட்டியில் துண்டு துண்டாக வந்தது. கூடவே வந்த ஆலன் சாவியால் நீங்களே கூடத்தில் உட்கார்ந்து பொருத்தினீர்கள். அதே சாவியால் திருடனும் கழற்றலாம். நடுத்தண்டு பூட்டோடு காரிலேயே நிற்கும், சைக்கிள் தட்டுகளும் சக்கரத்தைப் பிடிக்கிற கைகளும் போயிருக்கும். அந்த உதிரிப் பாகங்களுக்குச் சந்தை இருக்கிறது. இதற்கு மருந்து மலிவு. திருகாணித் தலையின் அறுகோணப் பள்ளத்தில் அதற்குச் சரியாகப் பொருந்துகிற சிறிய எஃகுக் குண்டைத் தட்டி உட்காரவைத்து, மேலே சிலிகான் பசையைப் பூசிவிட்டால் ஆலன் சாவி உள்ளே போகாது. நாளைக்கு நீங்களே கழற்ற வேண்டிவந்தால் பசையைச் சுரண்டிக் காந்தத்தால் குண்டை இழுத்துவிடலாம். சுத்தமான வேலை வேண்டுமென்றால் பெர்லினின் ஹெக்ஸ்லாக்ஸ் நிறுவனம் இதே பள்ளத்துக்குள் உட்காரும் காந்தச் செருகுகளை விற்கிறது. அதற்குரிய தனிச் சாவி இருந்தால்தான் வெளியே வரும். எல்லாத் திருகாணிக்கும் வேண்டாம், ஒரு தட்டுக்கு ஒன்று போதும்.

அடுத்து சங்கிலி. ரிசீவரின் இரு பக்கமும் டிரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலி மாட்ட வளையங்கள் இருக்கும். ரேக்கின் சட்டத்தையும் அந்த வளையத்தையும் சேர்த்து ஒரு சங்கிலியால் பூட்டினால், பின் போனாலும் ரேக் போகாது. சுருள் கேபிளை இங்கே போடாதீர்கள். சாதாரண கம்பி வெட்டும் கருவிக்கே அது தாங்காது. 10 மில்லிமீட்டர் கடினமாக்கிய எஃகுச் சங்கிலி சின்ன போல்ட் கட்டர்களைத் தாங்கும். 14 மில்லிமீட்டர் என்றால் இன்னும் பலம், ஆனால் வளையத்துக்குள் நுழைகிறதா என்று முதலில் பாருங்கள். பிரிட்டனில் 1992இல் தொடங்கிய சோல்டு செக்யூர் அமைப்பு பூட்டுகளைச் சோதித்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் எனத் தரம் தருகிறது. அந்த முத்திரை உள்ள சங்கிலிகள் அமெரிக்காவிலும் கிடைக்கின்றன. பேட்டரியில் ஓடுகிற கிரைண்டரோடு வருகிறவனை இவற்றில் எதுவும் அதிக நேரம் நிறுத்தாது. ஆனால் கிரைண்டர் சத்தம் போடும், பொறி பறக்கும். பூட்டின் வேலை அவனை அந்தச் சத்தத்துக்குத் தள்ளுவதுதான்.

காசே செலவில்லாத ஒரு வழியையும் சொல்கிறேன். ஹிட்ச் ரேக்கை எடுக்க வேண்டுமென்றால் அதன் தண்டைப் பின்பக்கமாக நேரே உருவ வேண்டும். ரேக்கை மேலே மடித்துவிட்டு, சுவரையோ தூணையோ ஒட்டிப் பின்பக்கமாகக் காரை நிறுத்தினால், பூட்டை உடைத்தாலும் ரேக்கை வெளியே இழுக்க இடம் இருக்காது. மோட்டலில் தங்கும் இரவுகளில் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சைக்கிள்களை மட்டும் அறைக்குள் எடுத்துப்போய்விடுங்கள். ரேக்கோடு வருகிற சைக்கிள் கேபிள், காப்பி குடிக்கப் போகும் பத்து நிமிஷத்துக்கானது, ராத்திரிக்கானதல்ல.

ஐரோப்பாவில் இருக்கும் வாசகர்களுக்கு நிலைமை வேறு. அங்கே ரேக் பெரும்பாலும், டிரெய்லர் இழுக்கும் டோ பாரின் 50 மில்லிமீட்டர் குண்டைக் கவ்விப் பிடிக்கிறது. கவ்வும் நெம்புகோலில் பூட்டு கூடவே வருகிறது. பல மாடல்கள் மடிந்து டிக்கிக்குள் போகும். சாவியைத் திருப்ப மறக்காமல் இருந்தாலே பெரும்பகுதி பாதுகாப்பு கிடைத்துவிடும்.

கழற்றி வைப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு சைக்கிள் பிளாட்பார்ம் ரேக் 20 முதல் 30 கிலோ இருக்கும். மூன்றாம் மாடி வீட்டுக்கு அதை வாராவாரம் தூக்கிப்போகச் சொல்வது நியாயமில்லை. அலுமினியத்தில் எடை குறைத்துச் செய்தவையும், ஒரே சைக்கிளுக்கான தட்டோடு வந்து தேவைப்பட்டால் இன்னொன்று சேர்க்கிறவையும் இருக்கின்றன. காரேஜ் இருப்பவர்கள் சுவரில் ஒரு தாங்கி அடித்து, ஞாயிறு மாலையே கழற்றி மாட்டிவிடலாம். கழற்றுவதால் வேறு நன்மைகளும் உண்டு. வண்டியின் எண் பலகை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 5201ஆம் பிரிவு சொல்கிறது. மடித்து நிறுத்திய வெற்று ரேக் பல கார்களில் அதை மறைக்கிறது. டொராண்டோ, சிகாகோ போன்ற ஊர்களில் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, பின்னையும் தண்டையும் ரிசீவரோடு துருப்பிடித்து ஒட்டவைத்துவிடும். திருடனாலும் எடுக்க முடியாது, உங்களாலும் முடியாது. அங்கே இருப்பவர்கள் பனிக்கு முன் ரேக்கைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் தண்டில் கிரீஸ் தடவி, பூட்டின் வாயை ரப்பர் மூடியால் அடைத்து வையுங்கள்.

ஏர்டேக் போன்ற கண்காணிப்பு வில்லையை ரேக்குக்குள் ஒளித்து வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் பூட்டுக்குப் பதிலாக அல்ல. அடைத்த உலோகக் குழாய்க்குள் அதன் சமிக்ஞை வெளிவராது, பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். தெரியாத வில்லை ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கும் எச்சரிக்கை போகும். இடம் தெரிந்தாலும் நீங்களாகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள், போலீஸிடம் கொடுங்கள்.

காப்பீட்டை நம்பியிருப்பவர்கள் பாலிசியை இன்றே எடுத்துப் படியுங்கள். கார் பாலிசியில் நீங்களாகப் பொருத்திய துணைப்பொருள்களுக்குப் பல நிறுவனங்கள் தனிச் சேர்க்கை கேட்கின்றன. சைக்கிள்கள் பெரும்பாலும் வீட்டு அல்லது வாடகைதாரர் பாலிசியின் கீழ் வரும். முதல் 500 அல்லது 1,000 டாலரை நீங்களே ஏற்க வேண்டும் என்று இருந்தால், ரேக் மட்டும் போனதற்குக் கையில் ஒன்றும் வராது, வந்தாலும் சொற்பமே. ரசீதையும் ரேக்கின் வரிசை எண்ணையும் படமெடுத்து வையுங்கள்.

தெருவில் நிறுத்துகிறவர், எப்போதாவது சைக்கிளை ஏற்றுகிறவர் என்றால் பட்டை ரேக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரேஜ் இருந்தால் எடை குறைந்த ஹிட்ச் ரேக், பூட்டுப் பின், சுவர்த் தாங்கி. குடியிருப்பின் திறந்த பார்க்கிங்கில் ரேக் கிடந்துதான் ஆக வேண்டும் என்றால் பூட்டுப் பின், சங்கிலி, அடைத்த திருகாணிகள் மூன்றும் வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ரேக் விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ரேக் வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள்.

பழைய ரேக் வாங்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சாவி இல்லாமல், ரசீது இல்லாமல், பாதி விலைக்கும் கீழே ஒரு நல்ல ரேக் விளம்பரத்தில் வந்தால், அது யாரோ ஒருவரின் காரிலிருந்து போனதாக இருக்கலாம். விற்பவரிடம் சாவியைக் கேளுங்கள், கேட்டுப் பதில் சரியில்லையென்றால் வாங்காதீர்கள்.