மறந்த கடவுச்சொல்லும் 7,002 பிட்காயினும்

மாணவர்களே, மின்னஞ்சல் கடவுச்சொல்லை மறந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிட்காயின் பணப்பைக்கு அந்த வழி இல்லாமல் போகலாம். ஏன் தெரியுமா?

பிட்காயின் கணக்கு உலகெங்கும் பல கணினிகளில் பதிவாகியுள்ளது. பணப்பையில் இருப்பது அதைச் செலவழிக்கும் இரகசியச் சாவி மட்டுமே. சாவியை நாமே வைத்திருந்தால், அதன் நகல் எந்த வங்கியிடமும் இருக்காது.

சான்பிரான்சிஸ்கோ நிரலாளர் ஒருவரின் 7,002 பிட்காயின்களுக்கான சாவி, கடவுச்சொல் கேட்கும் ஒரு விரலியில் இருந்தது. பத்து முறை தவறினால் அது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். கடவுச்சொல் எழுதிய தாளை அவர் தொலைத்துவிட்டார். 2021-இல் எஞ்சியவை இரண்டே வாய்ப்புகள்.

பல பணப்பைகள் 2,048 சொற்களிலிருந்து 12 மீட்புச் சொற்களைத் தருகின்றன. அவற்றின் செல்லுபடியாகும் சேர்க்கைகளின் எண்ணிக்கை 39 இலக்கம் கொண்டது! திருடனைத் தடுக்கும் அதே கணிதம், மறந்த உரிமையாளரையும் தடுக்கிறது.

எனவே, ஒவ்வொரு கணக்கிற்கும் நீளமான, வெவ்வேறு கடவுச்சொல் வையுங்கள். மீட்புச் சொற்களைத் தாளில் எழுதி, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்.