பள்ளி பூட்டிய நாட்களில் வீட்டுப் படிப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2020 மார்ச்சில் பூட்டிய தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடி திறந்தன. ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்த பிள்ளை, இரண்டாம் வகுப்பை முழுக்க வீட்டில் கழித்துவிட்டு மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அதற்கு முன்பும் 2015 வெள்ளத்தில் சென்னைப் பள்ளிகளும், 2018-இல் கஜா புயலில் டெல்டா மாவட்டப் பள்ளிகளும் மூடிக் கிடந்தன. இனியும் மழை வரும், புயல் வரும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்ட சில நம்பிக்கைகளோ இன்னும் அப்படியே இருக்கின்றன. அடுத்த பூட்டு விழுமுன் அவற்றைக் களைந்துவிடுவது நல்லது.

நம்பிக்கை: செல்போன் வாங்கிக் கொடுத்துவிட்டால் படிப்பு நடந்துவிடும்.

உண்மை: நகையை அடகு வைத்துப் போன் வாங்கிக் கொடுத்த பெற்றோர் நம் ஊர்களில் உண்டு. பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள கிராமத்து வீடுகளைப் பற்றிய ஏசர் ஆய்வின்படி, நாட்டில் ஸ்மார்ட்போன் உள்ள வீட்டுப் பிள்ளைகள் 2018-இல் 36.5 சதவீதம், 2020-இல் 61.8 சதவீதம். அந்தப் பெற்றோரின் அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் கருவி மட்டும் பாடம் சொல்லித் தராது. நெதர்லாந்தில் 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தது 8 வாரம்தான். வீட்டுக்கு வீடு இணையம் உள்ள நாடு அது. அங்கேயும் பிள்ளைகள் அந்த வாரங்களில் புதிதாகக் கற்றது அநேகமாக ஒன்றுமில்லை என்று தேர்வு மதிப்பெண்கள் காட்டின. அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கு இழப்பு இன்னும் கூடுதல்.

இதற்கு நேர் எதிரான அனுபவம் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவிலிருந்து வந்தது. அதே 2020-இல், அங்கே வாரத்துக்கு ஒருமுறை சாதாரணப் போனில் பெற்றோரை அழைத்து, பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, சுமார் 20 நிமிடம் கணக்குச் சொல்லித் தந்தார்கள். அந்தப் பிள்ளைகள் முன்னேறினார்கள். கணக்குகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பிய வீடுகளில் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. பிறகு இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் செய்து பார்த்தபோதும் போன் அழைப்புதான் கைகொடுத்தது. மறுமுனையில் ஒரு மனிதர் இருந்து, “எப்படிப் போட்டாய், சொல்லு” என்று கேட்டார் என்பதுதான் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் உள்ள வித்தியாசம்.

நம் கல்வித் தொலைக்காட்சியும் அந்தக் குறுஞ்செய்தி போலத்தான். 2019 ஆகஸ்டில் தொடங்கிய அந்த ஒளிபரப்பு, போன் இல்லாத வீடுகளுக்குப் பெரிய உதவி. ஆனால் பிள்ளைக்குப் புரிந்ததா என்று திரைக்குத் தெரியாது. பாடம் முடிந்ததும் பக்கத்தில் யாராவது கேட்க வேண்டும்.

நம்பிக்கை: எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்துவிட முடியும்?

உண்மை: “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நீங்களே பாத்துக்கோங்க” என்று ஆசிரியரிடம் கைகூப்பும் தாய்மாரைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. தாயின் படிப்பு பிள்ளைக்குப் பெரிய அரண் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பாடம் நடத்துவது மட்டுமே உதவி என்று நினைப்பது தவறு.

பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கப் படிப்பு வேண்டாம். வாசித்த கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லலாம். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது எழுத்தறியாத காதுக்கும் தெரியும். ரேஷன் கடையில் வாங்கியதற்குக் கணக்குப் போடச் சொல்லலாம். நூறு நாள் வேலைக்குப் போய்வரும் தாய்க்கு, எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று கூட்டத் தெரியும்; அதைப் பிள்ளையோடு சேர்ந்து கூட்டினால் போதும். பல்லாங்குழியை எடுங்கள். 14 குழிக்கும் ஐந்தைந்து புளியங்கொட்டை என்றால் மொத்தம் எத்தனை என்று கேட்டால் ஐந்தாம் வாய்ப்பாடு அங்கேயே வந்துவிடுகிறது. தாயக்கட்டையில் கூட்டல் இருக்கிறது. விடுகதை போடும் பாட்டி இருக்கும் வீட்டில் மொழிப்பாடம் பாதி நடந்துவிட்டது என்றே சொல்வேன்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் ஐந்து மாநிலங்களில் 16,067 அரசுப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தது. முந்தைய ஆண்டில் இருந்த மொழித் திறன்களில் ஒன்றையாவது இழந்திருந்தவர்கள் 92 சதவீதம். இழந்த திறன்களில், ஒரு படத்தையோ தன் அனுபவத்தையோ வாயால் விவரித்துச் சொல்வதும் ஒன்று. புதுப் பாடம் நடக்காதது போக, முன்பு கற்றதும் கழன்றுபோயிருந்தது. பேசவைத்துக் கேட்பதை எந்த வீடும் செய்யலாம்.

நம்பிக்கை: வீட்டிலும் காலை முதல் மாலை வரை உட்காரவைக்க வேண்டும்.

உண்மை: வேண்டாம். கொரோனா கால இழப்பை ஈடுகட்டத் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ மையங்கள் மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரமே நடந்தன. தினமும் தவறாமல் நடப்பதுதான் முக்கியம்.

நம்பிக்கை: பள்ளி திறந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

உண்மை: எல்லா நம்பிக்கையிலும் ஆபத்தானது இதுதான். 2005 அக்டோபரில் பாகிஸ்தானில் பெரும் நிலநடுக்கம். பாதித்த பகுதிகளில் பள்ளிகள் சராசரியாக 14 வாரம் மூடிக் கிடந்தன. நான்கு ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது வீடுகள் எழும்பியிருந்தன, குடும்பங்கள் நிமிர்ந்திருந்தன. பிள்ளைகளின் படிப்போ ஒன்றரை ஆண்டு பின்தங்கியிருந்தது. மூன்று மாதச் சொச்சம் மூடியதற்கு இத்தனை இழப்பு ஏன்? பள்ளி திறந்ததும் ஆசிரியர்கள் பாடப்புத்தகத்தின் வேகத்திலேயே போனார்கள், பிடிக்க முடியாத பிள்ளை ஒவ்வொரு ஆண்டும் இன்னும் பின்னால் விழுந்தது என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். தாய் தொடக்கப்பள்ளியாவது முடித்திருந்த வீடுகளில் மட்டும் இந்தப் பின்னடைவு இல்லை.

நம் ஊரிலும், திறந்த முதல் வாரமே “சிலபஸை முடிக்கணும்” என்ற அவசரம் தொற்றிக்கொள்கிறது. கடன் வாங்கிக் கழித்தல் மறந்துபோன பிள்ளைக்குப் பின்னம் நடத்துவதால் யாருக்கு என்ன லாபம்?

“போனது போனதுதான்” என்று கைவிடுவதும் அதே அளவு தவறு. தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் குழுவின் ஆய்வு, 2021 டிசம்பரில் கடும் இழப்பைக் கண்டது. மொழியைவிடக் கணக்கில் அது இரண்டு மடங்கு. ஆனால் பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்துக்கு, பெரும்பாலும் அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களே, திண்ணையிலும் சாவடியிலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் செய்த வேலை. நாம் போதுமான அளவு அவர்களைப் பாராட்டவில்லை என்பது என் எண்ணம்.

ஆகவே அடுத்த முறை விடுமுறை ஒரு வாரத்தைத் தாண்டினால், புதுப் பாடத்தைத் தேடாதீர்கள். போன வருடத்துப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள், நான்கு கழித்தல் கணக்குக் கொடுங்கள். பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தினம் ஒரு மணி நேரம் தொடங்குங்கள். உங்களால் முடியாவிட்டால் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தி இருப்பாள், அவளிடம் கேளுங்கள். பள்ளி திறந்ததும் ஆசிரியரிடம் போய், “என் பிள்ளைக்கு இதுவரைதான் வருது, இங்கிருந்து சொல்லிக் கொடுங்க” என்று தயங்காமல் சொல்லுங்கள்.