இறைச்சிக்கு மாற்று: சுவையும் சத்தும்

வட இந்திய நகரங்களில், இறைச்சி உண்போரும் உண்ணாதோரும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொள்வதைக் காணலாம். செவ்வாய்க்கிழமைகளில் இறைச்சியைத் தவிர்ப்போர் உண்டு. சிராவண மாதம் முழுவதும் தவிர்ப்போரும் உண்டு. மருத்துவர் சொல்லியோ, விலை கருதியோ, விலங்குகளின்பால் கொண்ட இரக்கத்தாலோ இறைச்சியைக் குறைப்போரும் உளர். காரணம் எதுவாயினும், சமைப்பவர் முன் ஒரே வினா நிற்கிறது: இறைச்சி இருந்த இடத்தில் எதை வைப்பது?

மாணவர்களே, இவ்வினாவுக்குள் இரண்டு வினாக்கள் மறைந்திருக்கின்றன. ஒன்று நாவைப் பற்றியது. மற்றொன்று உடலைப் பற்றியது. மெல்லும்போது இறைச்சியைப் போன்றிருக்கும் பொருள் வேறு; இறைச்சி தந்த புரதத்தைத் தரும் பொருள் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான், வளரும் பிள்ளைகளுள்ள வீடுகளில் தட்டு நிறைந்திருந்தும் சத்துக் குறைந்துவிடுகிறது.

முதல் வினாவுக்கு வங்காளமும் உத்தரப் பிரதேசமும் நெடுநாள் முன்பே விடை கண்டன. அவ்விடை பலாக்காய். வங்காளத்தார் இதனை ‘மரத்து ஆடு’ எனப் பொருள்படும் பெயரால் வேடிக்கையாக அழைப்பர். பழுக்காத பலாவின் சதை வெந்தபின் நார்நாராகப் பிரிவதே இப்பெயருக்குக் காரணம். கத்தியிலும் கைகளிலும் எண்ணெய் தடவிக்கொண்டு காயை நறுக்க வேண்டும். இல்லையேல் பால் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது. துண்டுகளை மஞ்சளும் உப்பும் சேர்த்த நீரில் அரைவேக்காடாக வேகவைத்து வடித்து, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்தபின், வெங்காயம், இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு ஆகியவற்றாலான மசாலாவில் இட்டால் நறுமணம் கமழும். உண்பவர் ஒரு கணம் ஏமாந்து போவதும் உண்டு.

ஆனால் உடல் ஏமாறாது. 100 கிராம் பலாக்காயில் உள்ள புரதம் ஏறத்தாழ 2 முதல் 3 கிராம் மட்டுமே. பலாக்காய்க் கறி சமைத்த நாளில் பருப்போ தயிரோ உடன் இருத்தல் வேண்டும். காளானின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

இரண்டாவது வினாவுக்குச் சோயா விடை தருகிறது. குமாவுன் மலைப்பகுதியில் கருநிறச் சோயாவைப் ‘பட்’ என்னும் பெயரில் மக்கள் பல தலைமுறைகளாகச் சமைத்து வருகின்றனர். மஞ்சள் நிறச் சோயா சமவெளியில் பெருமளவில் பரவியதோ பின்னாளில்தான். 1960களில் பந்த்நகர், ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இப்பயிரை ஆய்ந்தன. பின்னர் மத்தியப் பிரதேசத்தின் கரிசல் நிலங்களில் அது வேரூன்றியது. 1987இல் சோயா ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் இந்தூரில் தொடங்கப்பட்டது.

சோயாவிலிருந்து எண்ணெய் பிழிந்தபின் எஞ்சுவது புரதம் மிகுந்த மாவு. அதனை நீருடன் பிசைந்து, உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரு சிறு துளை வழியே இயந்திரம் வெளியே தள்ளுகிறது. வெளிவந்தவுடன் அழுத்தம் நீங்க, மாவிலுள்ள நீர் ஆவியாகிப் பறந்துவிடுகிறது. அந்த ஆவி விட்டுச்செல்லும் நுண்துளைகளே அதற்குப் பஞ்சின் தன்மையைத் தருகின்றன. இதுவே கடையில் கிடைக்கும் சோயா உருண்டை. தமிழ்நாட்டில் பலரும் இதை ‘மீல் மேக்கர்’ என்பர். பஞ்சாபில் இது ‘நியூட்ரி’. உருண்டையாக அன்றிக் குருணையாகவும் விற்கப்படுகிறது.

சோயா உருண்டை பஞ்சு என்பதை மறவாதவர் அதை நன்றாகச் சமைப்பர். பலர் அதனை வெந்நீரில் ஊறவைத்து, அப்படியே குழம்பில் இட்டுவிடுகின்றனர். துளைகள் யாவும் வெறும் நீரால் நிறைந்துவிட்டபின் குழம்பு எவ்வாறு உள்ளே புகும்? வெளியே காரமும் உள்ளே சப்பென்ற சுவையுமாக அது வந்து சேரும். “சோயாவா, வேண்டாம்” என்று பிள்ளைகள் முகம் சுளிப்பர். குற்றம் சோயாவினுடையது அன்று. உப்பிட்ட கொதிநீரில் 5 நிமிடம் வேகவைத்து, குளிர்ந்த நீரில் இருமுறை அலசி, உள்ளங்கைகளுக்கிடையே வைத்து நீர் முழுவதும் வெளியேறுமாறு பிழிதல் வேண்டும். சோயாவுக்கே உரிய பச்சை வாடையும் அந்நீருடன் பெரும்பாலும் நீங்கிவிடும். பிழிந்த உருண்டைகளைத் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், உப்பு ஆகியவற்றில் அரைமணி நேரம் பிசறி வைத்தால், நீர் இருந்த இடத்தில் மசாலா குடிபுகும். அதன்பின் சிறிது எண்ணெயில் ஓரங்கள் சிவக்க வறுத்து, வதக்கிய வெங்காயம் தக்காளியுடன் சேர்த்து, பத்து நிமிடம் கொதிக்கவிடலாம். குருணையாயின் பச்சைப் பட்டாணியுடன் சேர்த்துக் கீமாவைப் போலவே சமைக்கலாம். முதன்முறை சமைப்பவருக்கு உருண்டையைவிடக் குருணையே ஏற்றது. மசாலா அதில் விரைவாக ஊறும்.

இனி, ஒரு கணக்கு. 100 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் ஏறத்தாழ 52 கிராம் புரதம் உண்டு. பொட்டலத்தின் மேல் இதைக் கண்டு, இறைச்சியை விட இருமடங்கு எனச் சிலர் வியப்பர். உலர்ந்த சோயாவை எவரும் உண்பதில்லை. நீரில் ஊறியதும் அதன் எடை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. எனவே ஊறிய 100 கிராமில் இருப்பது 17 கிராம் அளவே. அதுவும் சிறப்பான அளவுதான். பன்னீருக்குச் சற்றே குறைவு, வெந்த பருப்பை விட மிகுதி.

இருப்பினும், இறைச்சி தந்த யாவற்றையும் சோயா தராது. உயிர்ச்சத்து பி12 தாவர உணவுகளில் இயல்பாகக் கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை ஆகியவை அதனைத் தரும். தாவரங்களிலுள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகவே ஏற்கும். உண்ணும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால் சற்றுக் கூடுதலாக ஏற்கும். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் இதனை அறவே தவிர்த்தல் வேண்டும்.

டெல்லித் தெருக்களில் குச்சியில் கோத்துச் சுடப்படும் சோயா சாப் பற்றியும் ஒரு சொல். சோயா மாவுடன் மைதாவும் கலந்தே அது செய்யப்படுகிறது. மேலே வெண்ணெயும் பாலேடும் தாராளமாக வழியும். சுவை மிகுந்த பண்டம் என்பதில் ஐயமில்லை. வீட்டில் அன்றாடம் இறைச்சியின் இடத்தில் வைக்க அது பொருந்தாது.

பயிற்சி

அ. பொருள் அறிக
பிசறுதல் – மசாலா எங்கும் படியுமாறு கலத்தல்
குருணை – சிறு நொறுங்கல்
சப்பென்ற – சுவையற்ற
அறவே – முற்றிலும்

ஆ. விடை எழுதுக
1. பலாக்காயை வங்காளத்தார் எப்பெயரால் அழைக்கின்றனர்? ஏன்?
2. சோயா உருண்டையில் நுண்துளைகள் எவ்வாறு தோன்றுகின்றன?
3. ஊறிய சோயாவைப் பிழியாமல் குழம்பில் இட்டால் யாது நிகழும்?
4. “ஆனால் உடல் ஏமாறாது” என்னும் தொடர் உணர்த்துவது யாது?
5. நால்வருள்ள குடும்பத்தில் 100 கிராம் உலர்ந்த சோயாவைச் சமைத்துச் சமமாகப் பகிர்ந்தால், ஒருவருக்கு எத்தனை கிராம் புரதம் கிடைக்கும்?

இ. பிரித்து எழுதுக
(எடுத்துக்காட்டு: எண்ணெய் = எள் + நெய்)
வெந்நீர், நறுமணம், பலாக்காய், உள்ளங்கை

ஈ. செய்து பார்க்க
பெரியவர் ஒருவரின் துணையுடன் 50 கிராம் சோயா உருண்டையை வேகவைத்துப் பிழிந்து, அதன் எடையை மீண்டும் அளந்து எழுதுக. பாடத்தில் கூறிய மூன்று மடங்குடன் அது ஒத்துவருகிறதா? அதனைச் சமைத்த முறையைப் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.